வழிகாட்டி ஆசிரியரின் ஓராண்டு

மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வருகிறது. ஆகஸ்டுக்குள் பெரும்பாலான கல்லூரிகள் திறந்துவிடுகின்றன. இடைப்பட்ட அந்த மூன்று மாதத்தில்தான் நம் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். தேர்ச்சிக் கணக்கில் அவர்கள் பெயர் இருக்கும். கல்லூரியில் சேர்ந்தவர்கள் கணக்கில் இருக்காது. மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததோடு தன் பொறுப்பு முடிந்ததாகப் பள்ளி நினைக்கிறது. அப்படி ஒரு பிள்ளை இருப்பதே கல்லூரிக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் நின்றுகொண்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அடுத்த இடத்தில் போய் உட்காரும் வரை விடாமல் பின்தொடர்வதுதான் வழிகாட்டி ஆசிரியரின் தலையாய வேலை என்பது என் உறுதியான எண்ணம். ஜூன் முதல் ஏப்ரல் வரை நாம் செய்வதெல்லாம் அந்த மூன்று மாதத்துக்கான ஏற்பாடு.

இந்த நூலை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் முழுநேர ஆலோசகர்கள் அல்லர். அரசுப் பள்ளியில் வேதியியலோ வணிகவியலோ நடத்திக்கொண்டு, கூடவே இதையும் பார்ப்பவர்கள். உளவியல் பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஆனால் நேரம் கட்டாயம் வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசி, வாரத்துக்கு இரண்டு பாடவேளையைக் கால அட்டவணையில் எழுதி வாங்கிவிடுங்கள். "ஃப்ரீ பீரியட்ல பாத்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டால், விடுப்பில் இருக்கும் ஆசிரியரின் வகுப்புக்குத்தான் அந்தப் பாடவேளை போகும்.

இந்தப் பொறுப்பு புதிதல்ல. 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் வேலை தேடித் திண்டாடுவதைப் பார்த்து ஓர் ஆலோசனை அலுவலகம் திறந்தார். அதே ஆண்டு அவர் இறந்துபோனார். 1909-இல் அவருடைய நூல் வெளிவந்தது. பிள்ளை முதலில் தன்னை அறிய வேண்டும், பிறகு வேலைகளை அறிய வேண்டும், இரண்டையும் நிதானமாகப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய முறையைத்தான் இன்றைக்கும் நாம் பின்பற்றுகிறோம். இந்தியாவில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் இயங்கிய இடைநிலைக் கல்வி ஆணையம், பள்ளிகளில் வழிகாட்டிப் பணிக்கென்று ஆட்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1964-66-இல் கோத்தாரி ஆணையம் பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு வருகை ஆலோசகராவது இருக்கட்டும் என்றது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்களின் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் என்பதை அளவாக வைத்திருக்கிறது. நம் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் பள்ளி முழுவதற்கும் ஒரே வழிகாட்டி ஆசிரியர், அதுவும் பாடம் நடத்திய நேரம் போக. எல்லாரையும் ஒரே அளவு கவனிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். நம்மைத் தேடி வருகிற பிள்ளை எப்படியும் வரும். தேடி வராத பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் முறை வேண்டும்.

நோட்டும் வருகைப் பதிவேடும்

நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். முதல் வாரத்தில் எழுத வேண்டியவை கொஞ்சம்தான்: வீட்டில் யார் யார், யார் என்ன வேலை, எங்கிருந்து எப்படி வருகிறார், வீட்டில் இதற்குமுன் யாராவது கல்லூரி போயிருக்கிறார்களா, எடுக்கும் இரண்டு தொலைபேசி எண்கள். இரண்டு எண் என்பதை வலியுறுத்துகிறேன். பள்ளிப் பதிவில் உள்ள எண்ணுக்கு மே மாதத்தில் ரீசார்ஜ் இருக்காது. பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணோ மளிகைக்கடை எண்ணோ அப்போது கைகொடுக்கும்.

பிறகு வருகைப் பதிவேட்டைக் கிடைவாக்கில் மட்டும் பார்க்காமல் கிழமை வாரியாகப் பாருங்கள். நான் பணியாற்றுவது திருப்பூர் வட்டாரத்தில். இங்கே பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம். சனிக்கிழமை கையில் பணம் வரும். திங்கள்தோறும் வராத பையனையும், மாதத்தில் எட்டு நாள் அங்கும் இங்குமாக வராத பையனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதலாமவன் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போய்வந்து அசந்து தூங்குகிறான். இரண்டாமவனுக்குப் பெரும்பாலும் உடம்பு சரியில்லை, அல்லது வீட்டில் சண்டை. உங்கள் ஊரில் பனியன் கம்பெனிக்குப் பதில் பட்டாசு ஆலையோ, செங்கல் சூளையோ, விசைப்படகோ, கரும்பு வெட்டோ இருக்கும். அந்தத் தொழிலுக்கு எந்த நாளில் ஆள் தேவைப்படுகிறது, எந்த நாளில் கூலி கொடுக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் வருகைப் பதிவேடு பேசும்.

ஒரு திங்கட்கிழமை பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டாம் பாடவேளைக்கு வந்தான். தலைமுடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"தலையில என்ன தம்பி?"

"ஞாயித்துக்கெழம கைமடிக்குப் போனேன் சார்."

தையல்காரருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்கும் வேலை அது. புதிதாகப் போகும் பையன்களுக்கு முதலில் கிடைப்பது.

"வீட்டுல போகச் சொன்னாங்களா?"

"இல்லீங்க சார். அப்பாவுக்குக் கால்ல அடி. ரெண்டு மாசமா வீட்டுலதான் இருக்காரு. வட்டிக்காரரு சனிக்கெழம சனிக்கெழம வந்துர்றாரு."

"அடி எங்க பட்டுச்சு? ரோட்டுலயா, கம்பெனியிலயா?"

"கம்பெனியிலதான் சார். பண்டல் விழுந்துருச்சு."

அந்த ஒரு கேள்விதான் வழி திறந்தது. தகப்பனாருக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டா என்று சம்பளச் சீட்டைப் பார்த்தோம், இருந்தது. காப்பீடு பெற்ற தொழிலாளி வேலையிடத்தில் காயம்பட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், சராசரி தினக்கூலியில் 90 விழுக்காடு ஈஎஸ்ஐ வழியாகக் கிடைக்கும். சாதாரண நோய் என்றால் 70 விழுக்காடு. அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது. மருத்துவமனைக்கு மட்டும் போய் வந்திருக்கிறார்கள், பணப்பலனுக்கு விண்ணப்பிக்கவில்லை. தாயாரைக் கிளை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தோம். பையனிடம் படிப்பின் அருமையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆலோசனை என்றால் மனதைத் தேற்றுவது என்று மட்டும் எண்ணிக்கொண்டால் இப்படிப்பட்ட பிள்ளைகள் கைநழுவிப் போவார்கள். ஈஎஸ்ஐ, முதியோர் உதவித்தொகை, ஆதரவற்ற விதவை உதவித்தொகை, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தரும் கல்வி உதவி போன்றவற்றுக்கு யார் தகுதி, எங்கே விண்ணப்பம் என்ற அளவுக்காவது வழிகாட்டி ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் முகம் தெரிந்த ஓர் ஆளை வைத்துக்கொள்வது பல பயிற்சி வகுப்புகளைவிட உதவும்.

பேச உட்காரும் இடம்

ஆசிரியர் அறையில் நாலு பேர் முன்னால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. மூடிய அறையும் கூடாது. எதிரில் நடமாட்டம் தெரிகிற, ஆனால் பேச்சு காதில் விழாத இடம் வேண்டும்: நூலக ஓரம், ஆய்வகத்துக்கு வெளியே உள்ள பெஞ்சு, மைதானத்து வேப்பமரத்தடி. மேசையை நடுவில் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். முதல் கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியதாக இருக்க வேண்டாம். "காலையில என்ன சாப்பிட்ட?" என்பது நல்ல தொடக்கம். அதற்கு வரும் பதிலில் வீடே தெரியும். சமைப்பது யார், அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார், தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அடுத்த இரண்டு நிமிடத்தில் தானாக வரும்.

பிள்ளை பேச்சை நிறுத்தினால் நீங்கள் நிரப்பாதீர்கள். ஆசிரியர்களாகிய நமக்கு இது கடினம். வகுப்பில் மௌனம் வந்தால் பேசிப் பேசியே பழகியவர்கள் நாம். பத்து விநாடி காத்திருந்தால் பிள்ளை மெல்லத் தொடரும், சொல்ல வந்த விஷயம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்று கேட்பார்கள். சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும், உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட சொல்லுவேன் கண்ணு. அதையும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். மத்தது எங்கிட்டயே இருக்கும்" என்று சொல்லுங்கள். இதைக் கேட்டுவிட்டு எழுந்து போன பிள்ளைகளும் உண்டு. அவர்களில் பலர் மறுவாரம் திரும்பி வருவார்கள், நாம் நேராகப் பேசினோம் என்ற நம்பிக்கையில்.

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி நமக்கே தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும், பிள்ளையின் எதிர்காலம் பாழாகும் என்று பேசி அமுக்கப் பார்ப்பவர்கள் எந்த நாற்காலியில் இருந்தாலும் அதற்கு உடன்படாதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்; அவர்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு வரை வழி காட்டுவார்கள். பிள்ளை சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், வேறு ஆசிரியர் முன்னால் மறுபடி சொல்ல வைக்காதீர்கள், குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள். விசாரணை நம் வேலை அல்ல. பிள்ளையின் பெயர் ஆசிரியர் அறையில்கூட அடிபடக் கூடாது. பதினெட்டு வயதுக்குள் திருமண ஏற்பாடு நடப்பது தெரிந்தாலும் அழைக்க வேண்டிய எண் இதே 1098-தான். தேர்வுக்கு முந்தைய தை, மாசி மாதங்களில் பெண்பிள்ளைகளின் வருகையைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

மன அழுத்தத்துக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாக, இரவும் பகலும் பேசலாம். கல்வி சார்ந்த கேள்விகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. இந்த எண்களைச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், பிள்ளைகள் முன்னால் ஒருமுறை ஒலிபெருக்கியில் போட்டு அழைத்துக் காட்டுங்கள். எதிர்முனையில் ஒரு மனிதக் குரல் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். தூக்கமின்மை, சாப்பிட மறுப்பது, கையைக் கீறிக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது ஆகியவை தென்பட்டால் நம் பேச்சோடு நிறுத்தக் கூடாது. பெற்றோரை அழைத்து, மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முடிந்தால் கூடவே போங்கள். முதல் தடவை தனியாகப் போகச் சொன்னால் பலர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு

ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் மிகப் பெரிய முடிவு ஜூன் மாதத்து ஒரு காலைப் பொழுதில், சேர்க்கை வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது எடுக்கப்படுகிறது. என்ன குரூப் என்ற கேள்வி அங்கேதான் முதன்முதலாகக் காதில் விழுகிறது. பக்கத்தில் நிற்கும் தோழி எடுத்ததை இவளும் எடுக்கிறாள். இந்த நிலை மாற வேண்டுமானால் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த உடனே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

எந்தப் பாடத்தை விட்டால் எந்தக் கதவு அடைபடும் என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். கணிதத்தை விட்டால் பி.இ. இல்லை. உயிரியலை விட்டால் மருத்துவம், செவிலியம் போன்றவை இல்லை. எந்தக் குரூப் படித்தாலும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகலாம், அரசுப் பணித் தேர்வுகள் எழுதலாம், பட்டயக் கணக்காளர் படிப்புக்கு முயலலாம். தொழிற்கல்விப் பிரிவை மதிப்பெண் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடமாக நம்மில் சிலர் நடத்துவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். கையால் செய்து கற்கும் பிள்ளை அங்கே மலர்கிறது. பொறியியல் சேர்க்கையில் அந்தப் பிரிவுக்கும் இடம் உண்டு.

பதினொன்றுக்குப் போகாமல் ஐடிஐ அல்லது பாலிடெக்னிக் போவதும் முழுமையான பாதைதான். மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. பனியன் கம்பெனிக்குப் போவதில் தீர்மானமாக இருக்கும் பையனிடம் நான் ஜவுளித் தொழில்நுட்பப் பட்டயத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். அவனுக்கு அந்தத் தொழில் தெரியும், பிடிக்கும். அதே கம்பெனிக்குள் வேறு வாசல் வழியாகப் போக வைப்பது எளிது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையைத் தேடி ஜூனில் தனியார் பள்ளிகளின் ஆட்கள் வருவார்கள். கட்டணம் வேண்டாம், விடுதி இலவசம் என்பார்கள். மறுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஆனால் எதை இழக்கிறோம் என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. அடிப்படை நிபந்தனை, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியலில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்காகத் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் பெறுவதற்கு இதேபோல 6 முதல் 12 வரை எங்கே படித்தார் என்பதைப் பார்க்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் பள்ளி மாறினால் இவை கைவிட்டுப் போகலாம். இரண்டு ஆண்டு விடுதிச் சாப்பாட்டுக்கும் நான்கு ஆண்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பெற்றோரோடு

பெற்றோர் முதலில் சொல்லும் காரணம் பெரும்பாலும் உண்மையான காரணம் அல்ல. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பெண்ணின் தாயாரோடு நடந்த பேச்சு இது.

"பாஸாயிட்டா, அது போதுங்க டீச்சர். பனியன் கம்பெனி செக்கிங்ல சேத்துரலாம்னு இருக்கறோம். அவங்கப்பாவுக்கு முன்ன மாதிரி முடியறதில்லீங்க."

"சரிங்க. காலேஜுக்கு எவ்வளவு ஆகும்னு விசாரிச்சீங்களாங்கம்மா?"

"எங்கீங்க விசாரிக்கறது... அஞ்சாறு ஆயிரம் மாசத்துக்கு ஆகாதுங்களா?"

அரசு கலைக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணத்தையும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் ஆயிரத்தையும், பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்பதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம். பணம் தடையில்லை என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"ஐப்பசி கார்த்திகையில ஆறு மணிக்கே இருட்டிருதுங்க. பஸ் எறங்கி எங்க தோட்டத்துக்கு ஒண்ணரை கிலோமீட்டர் நடக்கோணும். நடுவுல ஒரு வூடு கெடையாதுங்க டீச்சர்."

இதுதான் காரணம். இதற்கு வழி இருக்கிறது. பல அரசு கலைக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்டு நடக்கிறது. முதல் ஷிப்டு மதியத்தோடு முடிந்துவிடும். விண்ணப்பத்தில் அந்த ஷிப்டில் உள்ள பாடங்களை முன்னால் போட்டோம். மூன்று மணிக்கெல்லாம் வீடு வந்துவிடுவாள் என்றதும் அந்தத் தாயார் கேட்ட அடுத்த கேள்வி, "எப்பங்க அப்ளிகேஷன் போடோணும்?" என்பது. கல்வியின் சிறப்பைப் பற்றி நாம் ஒரு மணிநேரம் பேசியிருந்தாலும் அந்த ஒன்றரை கிலோமீட்டர் பேச்சில் வந்திருக்காது.

காகிதங்கள்

இந்தப் பகுதியை அலுப்பாக நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, பள்ளிப் பதிவில் தலைப்பெழுத்து முன்னால், வங்கிக் கணக்கில் பின்னால். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு இதைத் திருத்துவது பெரும் அலைச்சல். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாராவதற்கு முன்னால் திருத்துவது எளிது. எனவே ஆகஸ்டு, செப்டம்பரில் ஒருநாள் எல்லாரையும் ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் கொண்டுவரச் சொல்லி, வரிசையாக ஒப்பிட்டுப் பாருங்கள். உதவித்தொகை வரவில்லை என்று அலையும் பல பிள்ளைகளின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்காது.

சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும்; சீக்கிரமே வாங்கி வைத்துப் பயனில்லை, ஏப்ரலில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் கிடைக்கும். அந்தச் சலுகையைக் குடும்பத்தில் ஒருவர்தான் பெறலாம். அக்கா ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் தம்பிக்குக் கிடையாது என்பதை முன்பே சொல்லிவிட்டால் கடைசி நேர ஏமாற்றம் இருக்காது.

முடிவு வரும் நாளும் அதற்குப் பிறகும்

தேர்வு முடிவு காலையில் வரும். அன்று யாருக்கு உங்கள் குரல் தேவைப்படும் என்று முந்தைய நாளே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தோல்வி வரலாம் என்று நீங்கள் அஞ்சும் பிள்ளைகள் ஒரு புறம். எதிர்பார்ப்புக்கு ஐம்பது மதிப்பெண் குறைந்தால் உடைந்துபோகும் முதல் மாணவி இன்னொரு புறம். இவளை யாரும் நினைப்பதில்லை. முடிவு வெளியாவதற்கு முன்பே வீட்டாரிடம் பேசி, பிள்ளையை அன்று தனியாக விட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். தோற்ற பிள்ளையிடம் ஆறுதலோடு சேர்த்து ஒரு தேதியையும் சொல்லுங்கள். துணைத்தேர்வு அடுத்த ஓரிரு மாதத்திலேயே வருகிறது, தேர்ச்சி பெற்றால் அதே ஆண்டில் கல்லூரி சேரலாம், விண்ணப்பிக்க இன்னும் இத்தனை நாள்தான் இருக்கிறது, நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வா என்று முடியுங்கள். செய்வதற்கு ஒரு காரியம் கையில் இருக்கும் பிள்ளை இரவைக் கடந்துவிடும்.

விண்ணப்பக் காலத்தில் பள்ளிக் கணினி அறையைத் திறந்து வைக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குங்கள். பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. விருப்பப் பட்டியல் தயாரிக்கும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் போட்டு, பிடித்ததைக் கீழே போடுகிறார்கள். பட்டியல் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கப்படும். எது மிகவும் வேண்டுமோ அது முதலில் வர வேண்டும். ஐந்தாறு கல்லூரியோடு நிறுத்தக் கூடாது, மனம் ஒப்புகிற வரை நீட்டிக்கொண்டே போக வேண்டும். மனம் ஒப்பாத ஒன்றைக்கூடச் சேர்க்கக் கூடாது; அதுவே ஒதுக்கீடாகி வந்து நிற்கும். கடவுச்சொல்லைப் பிள்ளையே வைத்துக்கொள்ள வேண்டும். பிரவுசிங் சென்டரில் பூர்த்தி செய்ய விட்டு வந்தால், யாருடைய விருப்பம் அதில் ஏறும் என்று சொல்ல முடியாது.

முன்னாள் மாணவர்களைக் கூப்பிட்டுப் பேச வைப்பதற்கும் இதுவே நல்ல நேரம். சாதித்தவர் என்று மேடையேற்றப்படும் பெரியவரைவிட, போன ஆண்டு நம் பள்ளியில் படித்து இப்போது பாலிடெக்னிக்கில் முதலாண்டு முடித்திருக்கும் பெண் சொல்வது ஆழமாக இறங்கும். ஆங்கிலத்தில் நடத்தினால் புரியுமா, சீனியர்கள் எப்படி, கழிப்பறை இருக்கிறதா என்று அவளிடம்தான் பிள்ளைகள் கேட்பார்கள்.

ஜூலை முதல் வாரத்தில் அழைப்பு வேலையைத் தொடங்குங்கள். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எங்கே சேர்ந்தார் என்று எழுத வேண்டும். "காலேஜ் போறான்" என்ற பதில் போதாது. எந்தக் கல்லூரி, என்ன பாடம், கட்டணம் கட்டியாயிற்றா என்று கேளுங்கள். ஒதுக்கீட்டு ஆணை வாங்கிக்கொண்டு சேராமலே இருப்பவர்கள் நிறையப் பேர். ஆகஸ்டில் மறுபடியும் ஒரு சுற்று. வகுப்புக்குப் போகிறார்களா என்று. முதல் மாதத்தில் கல்லூரியை விட்டு நிற்பவர்கள் அதிகம், காரணம் பல நேரங்களில் ஆங்கிலம், சில நேரங்களில் விடுதி. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் ஒரு பகுதியாக, எங்கும் சேராமல் விடுபட்டவர்களுக்கு உயர்வுக்குப் படி என்ற முகாம் நடத்தப்படுகிறது. கல்லூரிகளும் வங்கிகளும் ஒரே இடத்துக்கு வருகின்றன. சில இடங்களில் அன்றே சேர்க்கை முடிந்துவிடுகிறது. பெயர் விடுபட்ட பிள்ளையிடம் முகாம் தேதியைச் சொன்னால் மட்டும் வராது. காலையில் பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஆசிரியர் நிற்கிறார் என்று தெரிந்தால் வரும்.

வேலைக்குப் போய்விட்ட பிள்ளையை நோட்டிலிருந்து அடிக்காதீர்கள். எங்கே, என்ன வேலை, என்ன படிக்க ஆசை என்று எழுதி வைத்து, அடுத்த ஆண்டு மே மாதம் மறுபடி அழையுங்கள். ஓராண்டு வேலை பார்த்தவர்கள் பலர் அப்போது படிக்க மனமுள்ளவர்களாக இருப்பார்கள். தொலைதூரக் கல்வியோ மாலைநேர வகுப்போ அவர்களுக்குப் பொருந்தலாம்.

உங்களுக்கு மாறுதல் வந்தால் நோட்டை அடுத்து இந்தப் பொறுப்புக்கு வருபவர் கையில் நேரில் கொடுங்கள். அலமாரியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சேர்க்கை விவரமும் தொலைபேசி எண்களும் அவருக்கு வேண்டும். பிள்ளைகள் உங்களை நம்பிச் சொன்ன வீட்டு விஷயங்களைத் தொடக்கத்திலிருந்தே தனித் தாளில் எழுதிவந்தால், அவற்றை மட்டும் எடுத்துக் கிழித்துவிடலாம். வழக்கு நடந்துகொண்டிருக்கும் பிள்ளையின் தாள்கள் விதிவிலக்கு. அவற்றை உறையிலிட்டு, முத்திரை வைத்து, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.